மதிப்பெண் சொல்லாத கணினித் திறன்

பொறியியல் கல்லூரியில் சேரும் நம் சமுதாயப் பிள்ளைகள் முதலாண்டிலேயே நிரல் எழுதும் பாடத்தைச் சந்திக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் முதல் செமஸ்டரில் பைதான் இருந்தது.

ஆனால், ஒரே வகுப்பில் அமரும் எல்லோரும் ஒரே அளவு தெரிந்து வருவதில்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர் 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸும், 12ஆம் வகுப்பில் பைதானும் படித்திருப்பார். உயிரியல் எடுத்தவர் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்க மாட்டார். கலந்தாய்வு கட்ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டது. இந்த வேறுபாட்டை அது காட்டாது.

கணினி அறிவியல் மதிப்பெண்ணைப் பார்த்தால் போதாதா? போதாது. 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கு. செய்முறைக்கு 20 மட்டுமே. அந்த நிரல்களையும் மனப்பாடம் செய்தே எழுதிவிடலாம்.

ஆகவே, முதல் வாரத்திலேயே அரைமணி நேரச் சோதனை ஒன்றைக் கல்லூரிகள் வைக்க வேண்டும் என்கிறோம். ஐந்து வரி நிரலைக் கொடுத்து அதன் விடை என்ன வரும் என்று கேட்கலாம். பிழையுள்ள நிரலைத் திருத்தச் சொல்லலாம். நிரல் மொழியே அறியாதவருக்கு, ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதும் கேள்வி போதும். கேள்விகள் தமிழிலும் இருக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கூடாது. யாருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியர் அறியவே இது.

இப்படிச் செய்யாவிட்டால், பாடம் ஏற்கெனவே தெரிந்தவர்களின் வேகத்தில் ஓடும். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த தமிழ்வழி மாணவி, 'எனக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடுவார். அவருக்குக் குறைவு அறிவல்ல, வாய்ப்பு. அந்த முடிவோ அரியரில் தொடங்கி, படிப்பையே பாதியில் விடுவதில்கூட முடியலாம்.

நமக்கும் பொறுப்பு உண்டு. கல்வி உதவித்தொகை வழங்கும் ஜமாஅத்துகள், பிளஸ் 2 தேர்வுக்கும் கல்லூரித் திறப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் அடிப்படை நிரல் வகுப்பும் நடத்தலாம். சில பழைய மடிக்கணினிகளும், கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்களின் வார இறுதி நேரமும் இருந்தால் போதும்.

'அல்காரிதம்' என்ற சொல்லே அல்குவாரிஸ்மி என்ற முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிற்காமல், நம் மஹல்லாவில் இந்த ஆண்டு கல்லூரி செல்வோரில் எத்தனை பேர் நிரல் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.