மூன்று நூல், ஒரு விளிம்பு

திருப்பூர் பவர் டேபிள்களில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு நூலின் டென்ஷன் என்பது கூலிப் பிரச்னை. செக்கிங்கில் திரும்பிய பனியனைப் பிரித்துத் தைக்கும் நேரத்தில் புது பீஸ் கணக்கில் ஏறாது.

மூன்று நூல் ஓவர்லாக்கில் மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் துணியின் விளிம்பில்தான் சந்திக்க வேண்டும். மேல்நூல் அடிப்பக்கம் எட்டிப் பார்த்தால் அதை இறுக்க வேண்டும். அல்லது கீழ்நூலைத் தளர்த்த வேண்டும். தையலை இரு பக்கமும் விரித்தால் ஏணிப்படி தெரிகிறதா? ஊசி நூல் தளர்ந்திருக்கிறது. நீளவாக்கில் இழுத்தால் அறுகிறதா? அது இறுகியிருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு குமிழ், அதுவும் கொஞ்சமாக. ஒவ்வொரு திருகலுக்கும் அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒரு சோதனைத் தையல். இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்தான் மாலையில் உட்கார்ந்து தையல் பிரிக்கிறார்.