வாடகை தவணையைக் கட்டுமா?

ஹைதராபாத்தில் கணவன், மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கோகாபேட் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுவோம், வாடகையே தவணையைக் கட்டிவிடும்." கட்டாது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு கோடி ரூபாய் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தெலங்கானாவில் 7.5 சதவீதம். வங்கி 75 லட்சம் தந்தால், கைப்பணம் முப்பத்திரண்டரை லட்சம் வேண்டும். கட்டி முடிக்காத வீடென்றால் ஜி.எஸ்.டி. வேறு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 65,000 ரூபாய். வாடகை 30,000 வந்தாலும் மீதி 35,000 சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, ஆள் மாறும்போது பெயின்ட் எனக் கழித்தால், கையில் நிற்பது மூன்று லட்சம், அதாவது வீட்டு விலையில் 3 சதவீதம். அதையும் வட்டியே விழுங்கிவிடும். 'வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்வது பழைய வரி முறைக்குத்தான், அங்கும் உச்சவரம்பு 2 லட்சம். புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது.

விலை ஏறும் வேகத்துக்கு வாடகை ஏறாததற்கு ஹைதராபாத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மனையின் பரப்புக்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்ற வரம்பு சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறது. இங்கே அதை 2006-லேயே எடுத்துவிட்டார்கள். சாலை அகலமும் சுற்றிலும் விடும் இடமும் சரியாக இருந்தால், நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று எழுப்பலாம். 2023 ஆகஸ்டில் கோகாபேட் நியோபோலிஸ் மனைப்பிரிவு நில ஏலத்தில் ஓர் ஏக்கர் 100 கோடியைத் தாண்டியது. அந்த விலைக்கு நிலம் எடுத்தவர் வானத்தை நோக்கித்தானே போவார்? ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கான சாவிகள் ஒரே நேரத்தில் கைமாறும்போது பேரம் பேசும் பலம் குடியேறுபவருக்குப் போகிறது.

இந்த ஊரில் வாடகையில் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். 200 கெஜ மனையை அந்தக் காலத்தில் சல்லிசாக வாங்கி, கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மாடிகளை விட்டிருப்பவர்கள். கேட்டில் 'டு-லெட்' அட்டை, அதில் 'ஃபேமிலி ஒன்லி', மொட்டை மாடியில் ஓர் அறையும் சமையலறையும், அதற்குப் பெயர் பென்ட்ஹவுஸ்! அவர்கள் லாபத்தின் ரகசியம் பழைய விலை. இன்று தொடங்குபவரால் அதை நகலெடுக்க முடியாது.

அவருக்கு என் யோசனை, மேற்கே கோகாபேட் பக்கம் கோபுரம் தேடாமல் கூகட்பள்ளி, மியாப்பூர், அமீர்பேட்டை மெட்ரோ தடத்தில் ஆள் குடியிருக்கும் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட்டைப் பார்க்கலாம். 2017-இல் மெட்ரோ வந்த பிறகு, அலுவலகம் எங்கே மாறினாலும் அங்கு குடியிருக்க ஆள் கிடைக்கிறது. ஆவணங்களை வக்கீல் பார்ப்பார். தண்ணீரைப் பற்றி மட்டும் பார்க்கிங்கை ஒட்டிய அறையில் குடும்பத்தோடு இருக்கும் வாட்ச்மேனிடம் கேளுங்கள். மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர் வருகிறது, எந்த ஃபிளாட் எவ்வளவு நாளாகக் காலி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பார்க்கும் ஃபிளாட் ஏரியோரம் என்றால் அசட்டை கூடாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2024 ஜூலையில் அமைக்கப்பட்ட அரசு அமைப்பான 'ஹைட்ரா', அடுத்த மாதமே மாதாப்பூர் தம்மிடிகுண்டா ஏரியோரம் நடிகர் நாகார்ஜுனாவின் என்-கன்வென்ஷன் அரங்கை இடித்தது. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி என்றால், நிறைமட்ட எல்லையிலிருந்து இன்னும் 30 மீட்டர் கட்டடத் தடைப் பகுதி. பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பதே பாதுகாப்பாகிவிடாது.

'ப்ரீ-லாஞ்ச்' என்று, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவதற்கு முன்பே பாதி விலைக்கு விற்பதை வாடகை முதலீடு என்றே சொல்லக் கூடாது. அமீன்பூர் திட்டத்தில் பணம் வாங்கி ஏமாற்றியதாகப் புகார் எழுந்து, சாஹிதி இன்ஃப்ராடெக் தலைவர் 2022 டிசம்பரில் கைதானார். பணம் கட்டியவர்களுக்கு வீடே இல்லை, பிறகு வாடகை ஏது?

இங்கே வாடகைச் சந்தை பெரும்பாலும் ஐ.டி. தொழிலை நம்பியிருப்பதும் மறக்கக் கூடாதது. 2020-இல் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் மாதாப்பூர் ஹாஸ்டல்கள் காலியாகின. ஆறு மாத வாடகை வராவிட்டாலும் தவணை கட்டும் தெம்பு இல்லாதவர் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம்.

தெம்பு இருக்கிறதா? டோக்கன் கொடுப்பதற்கு முன், அதே வளாகத்தில் குடிவருபவரைப் போல வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். பேரம் பேசி அவர்கள் எந்தத் தொகையில் இறங்கி நிற்கிறார்களோ, அதை வைத்து விலையைப் பேசுங்கள்.