ஆலங்காட்டுக்குப் போகாதவர்கள்

'டயடெம் ஆஃப் ட்வெல்வ் ஸ்டார்ஸ்' என்ற இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் எழுத்தாள நண்பர்கள் இரண்டு விதமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் 'வெறும் இரைச்சல்' என்கிறார்கள். மறு சாரார் இன்னும் ஆபத்தானவர்கள். 'இது நம்முடைய திணைதானே' என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். இரண்டுமே கேட்காமலிருப்பதற்கான உபாயங்கள்.

வுல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம் குழுவின் முதல் தட்டு அது, 2006. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா பக்கம் பண்ணையில் வாழ்ந்த ஆரன், நேதன் வீவர் சகோதரர்கள் தொடங்கிய குழு. நான்கே பாட்டுகள், சுமார் ஒரு மணி நேரம். கித்தாரில் ஒரே ஸ்வரம் ஓயாமல் மீட்டப்பட்டு, தனித்தனி அடிகள் கரைந்து மூட்டமாகிவிடுகிறது. டிரம் அசுர வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் ராகமோ மிக மெதுவாக நகர்கிறது. வேகமே தேக்கமாக மாறுகிற இந்த முரண்தான் விஷயம். குரல் அலறுகிறது, வார்த்தை பிடிபடுவதில்லை. இடையே ஒரு பெண்குரல் தெளிவாக வந்து போகிறது. இதை முழுதாகக் கேட்டவர் 'இரைச்சல்' என்று சொல்லித் தூங்கப் போக முடியாது.

பிளாக் மெட்டலின் ஜாதகம் எனக்கும் தெரியும். நார்வேயில் 1992ல் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. 1993ல் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் கொலையானார். இனவெறி பேசியவர்களும் அந்தக் காட்டில் ஒளிந்துகொண்டார்கள். ஆனால் அதே நார்வேயில்தான் உல்வர் 1995ல் தன் முதல் தட்டான 'பெர்க்டாட்'டில் மலைப்பூதங்கள் கவர்ந்துபோகும் பெண்ணின் கதையைப் பாடியது. வீவர் சகோதரர்கள் எடுத்துக்கொண்டது சப்தத்தை, வெறியை அல்ல.

இனித் திணைக்காரர்கள். திணையில் நிலம் மனிதனுக்கு ஊழியம் செய்கிறது. முதலும் கருவும் உரிக்காக நிற்கின்றன. அது மகத்தான ஏற்பாடு, மறுக்கவில்லை. இந்தத் தட்டின் காட்டிலோ தலைவனும் இல்லை, தோழியும் இல்லை. அது யாருக்காகவும் இரங்குவதில்லை.

முன்னோடி வேண்டுமானால் கடம்பத்தூரில் ரயிலேறி மேற்கே சில ஸ்டேஷன் தள்ளி இறங்குங்கள். திருவாலங்காடு. தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்ட காரைக்காலம்மையார் அங்கே பாடியது சுடுகாட்டை, நரியை, வற்றிய முலைப் பேயை. மூத்த திருப்பதிகத்திலேயே ஸ்வரங்களும் தோல்கருவிகளும் வரிசையாக வருகின்றன. அழகு என்ற சலுகையை அம்மை கேட்கவில்லை. நாமோ 'பக்தி இலக்கியம்' என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டோம். 1992ல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா குழு சம்ஸ்கிருத சுலோகத்தையும் வேதாந்தத்தையும் மெட்டலுக்குள் கொண்டுவந்தது. உபநிஷதம் கிடைத்தவர்களுக்கு ஆலங்காடு கிடைக்கவில்லை. அவர்களைக் கோபித்துப் பயனில்லை, காட்டித்தர வேண்டியவர்கள் இங்கே தூங்கினோம்.

கடம்பத்தூர் ஒன்றியத்திலுள்ள கூவம் என்ற கிராமத்தில்தான் அந்த ஆறு புறப்படுகிறது. சென்னைக்குள் அது என்னவாகிறது என்பது ஊரறிந்தது. கூவத்தைப் பற்றி நம்மிடம் ஜோக்குகள் ஏராளம், கவிதை எத்தனை? வாஷிங்டன் காடுகளும் பெரும்பாலும் கன்னிக்காடுகள் அல்ல; ஒருமுறை மொட்டையடிக்கப்பட்டு மறுபடி முளைத்தவை. அந்த அலறல் அங்கிருந்து வருகிறது. நாம் தொழிற்சாலைச் சுவரோரம் உட்கார்ந்து குயிலைப் பற்றி எழுதுகிறோம், அதுவும் காலண்டரில் பார்த்த குயில். அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்புகிறவர்கள் தும்பியையும் நிலாவையும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம்.