காது கேளாத காவலன்

பினா ஓர் ஊர். குவாலியர் மற்றோர் ஊர். இரண்டும் மத்தியப் பிரதேசத்தில் உள்ளவை. இடையே செல்லும் 400 கிலோவோல்ட் மின்பாதை 2012 ஜூலை 30 அதிகாலை 2 மணி 33 நிமிடத்திற்குத் துண்டிக்கப்பட்டது, வடபுலம் இருண்டது. மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு அதே பாதை, அதே காரணத்தால், மீண்டும்! வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மின்தொகுப்புகள் சாய்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் ரயில்கள் நின்றன. வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் சுரங்கத் தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் மீட்பை எதிர்நோக்கிக் காத்துக் கிடந்தனர்.

இடி விழுந்ததா? இல்லை. கம்பி அறுந்ததா? இல்லை. கோபுரம் சாய்ந்ததா? அதுவும் இல்லை. பாதையில் பழுதே காணப்படவில்லை என்றது விசாரணைக் குழு!

"மாநிலங்கள் அளவு மீறி மின்சாரத்தை உறிஞ்சின" என்று கைநீட்டினர் டில்லியார். மெய்தான், உறிஞ்சின, குழுவும் அதைக் கூறிற்று. ஆனால் அதே குழு கூறிய மற்றொன்றை மேடையேற்ற எவருக்கும் மனம் வரவில்லை. பாதையைத் துண்டித்தது ரிலேயின் மூன்றாம் மண்டலம். மிகுந்த சுமையைப் பழுதென்று எண்ணித் துண்டித்தது. (இருள் கவிந்த அந்த ஜூலை 31 அன்றுதான் மின்துறை அமைச்சர் சுசீல்குமார் ஷிண்டேவை உள்துறைக்கு உயர்த்தும் அறிவிப்பு வந்தது. நாடகமாக எழுதியிருந்தால் நம்பமுடியாத காட்சி என்று நீக்கச் சொல்லியிருப்பார்கள்!)

மூன்றாம் மண்டலம் எது? மின்பாதையின் இரு முனைகளிலும் இரு காவலர் நிற்கின்றனர். இம்முனையில் புகுந்த மின்னோட்டம் அம்முனையில் வெளியேறுகிறதா என்று ஒளியிழை வழியே ஒருவரையொருவர் ஓயாது கேட்டுக் கொள்கின்றனர். கணக்கு உதைத்தால் பழுது. வினாடியில் பத்திலொரு பங்கு கடக்குமுன் பாதை துண்டிக்கப்படும். செய்தித்தொடர்பு அறுந்தாலோ? கணக்குக் கேட்க ஆளில்லை. அந்தக் காவல் முடங்கியே தீரவேண்டும். அப்போது எஞ்சுவது தொலைவு ரிலே. எவரையும் கேளாமல், தன்முனையின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மட்டும் கொண்டு பழுதின் தூரத்தை அது மதிப்பிடும். பாதையின் 80 விழுக்காடு வரை உடனே துண்டிக்கும். எஞ்சிய கடைப்பகுதிக்கு வினாடியில் மூன்றிலொரு பங்கோ பாதியோ பொறுக்கும். அடுத்த பாதைக்கும் அப்பால் நெடுந்தூரம் பார்க்கும் மூன்றாம் மண்டலம் இன்னும் பொறுத்து, பிறர் அனைவரும் தவறிய பின்னரே வாள் உருவ வேண்டும்.

நெடுந்தூரம் பார்ப்பவனுக்கு ஒரு குறை உண்டு. அழுத்தம் தாழ்ந்து, சுமை ஏறிய வேளையில், உழைத்துக் களைத்த பாதையும் பழுதுற்ற பாதைபோலவே அவன் கண்ணுக்குப் படும். 1965 நவம்பர் 9 அன்று கனடாவின் சர் ஆடம் பெக் மின்நிலையத்தில் நடந்ததும் இத்தகைய பிழையே. 1963இல் வைத்த துணை ரிலேயின் அளவு அப்படியே கிடந்தது, சுமையோ வளர்ந்தது, 3 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவின் சாமிஸ்–ஸ்டார் பாதையைத் துண்டித்ததும் மூன்றாம் மண்டலமே. 5 கோடி மக்கள்!

"அப்படியானால் அந்தக் கிழட்டுக் காவலனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமே, ஒளியிழை இருக்கிறதே!" என்பார் உளர். சிக்கனச் சீலர்கள்! அவர்களைக் கேட்கிறேன்: அந்த ஒளியிழை எங்கே ஓடுகிறது? பல பாதைகளில், மின்கோபுரத்தின் உச்சியில் கட்டிய தரைக்கம்பியின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது! புயலடித்துக் கோபுரம் சாய்ந்தால் பழுது பிறப்பதும் செய்தி சாவதும் ஒரே நொடியில். தேவைப்படும் கணத்தில்தான் அது இல்லாமற்போகும். இரண்டாவது இழையையும் அதே கம்பிக்குள் வைத்துவிட்டு "இரட்டைப் பாதுகாப்பு" என்று ஏட்டில் எழுதுவது எவரை ஏய்க்க?

இரண்டாம் செய்திப்பாதை வேறு வழியில் செல்லட்டும். தொலைவு ரிலே, இழை இருப்பினும் இறப்பினும், தன்னந்தனியே விழித்திருக்கட்டும். சுமை எது, பழுது எது என்று பிரித்தறியும் எல்லையை அதற்கு வகுத்துக் கொடுங்கள். இன்றைய எண்ணியல் ரிலேக்களில் அந்த வசதி உண்டு, வகுப்பதற்குப் பொறியாளரும் நேரமுமே வேண்டும். சுமை வளருந்தோறும் அளவுகளைத் திருத்துங்கள். செய்தித்தொடர்பை வேண்டுமென்றே துண்டித்துச் சோதியுங்கள்; அதைச் செய்யாத சோதனை, எண்ணெய் ஊற்றாமல் விளக்கின் அழகைப் பார்ப்பதற்கு ஒப்பானது.

2012இல் தென்னகம் தப்பியது எப்படி? நம் மின்தொகுப்பு அன்று நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிறவற்றோடு தொடுக்கப்பட்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை நம்மையும் ஒரே அலையில் இணைத்தது. இணைப்பால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இனி பினாவில் தவறும் காவலன் சென்னைக்கும் காவலன். ரிலேக்களின் அமைப்பை வெளியார் கொண்டு காலவரையறைக்குள் தணிக்கை செய்க என்று குழு அன்றே எழுதிவைத்தது. எந்தத் துணைமின் நிலையத்தில், எந்த ரிலேயில், என்ன அளவு திருத்தப்பட்டது? சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அந்தப் பட்டியலை மேசையில் வையுங்கள், ஆண்டுதோறும் வையுங்கள்!