உபயப் பதிவில் நேரம் ஓடக்கூடாது

கோயில் கவுண்டர்ல உபயம், பால்குடப் பதிவெல்லாம் இப்போ எக்செல்லதான் போடறோம். பதிவு நேரத்துக்குப் பலர் ‘நவ்’ ஃபார்முலா போடறாங்க. அது வேண்டாம் என்பதே என் கருத்து.

அது ஓடுற கடிகாரம். இன்னைக்கு ஃபைலைத் திறந்தா, போன மாசப் பதிவும் இன்றைய தேதியைத்தான் காட்டும். ஒரே வெள்ளிக்கிழமை உபயத்தை ரெண்டு குடும்பம் கேட்டா, யார் முதல்ல பதிஞ்சாங்கன்னு எதை வச்சுச் சொல்றது?

ஒரு சின்ன மேக்ரோ போதும். பெயரை டைப் பண்ணினதும் பக்கத்துக் கட்டத்தில் அந்த நேரத்தை எழுதிடும். பிறகு தானா மாறாது. கட்டம் காலியா இருந்தால் மட்டுமே எழுதும்படி வைக்கணும். இல்லன்னா எழுத்துப்பிழை திருத்தினாலும் நேரம் மாறிடும். ஃபைலை ‘எக்ஸ்எல்எஸ்எம்’ வடிவில் சேமிக்க மறக்காதீங்க.

மேக்ரோ தெரியலையா? கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் அழுத்தினால் தேதி. கூடவே ஷிஃப்ட்டையும் அழுத்தினால் நேரம்.

பக்தர்களும் ரசீதில் பதிவு நேரத்தைக் கேட்டு வாங்குங்க. தொண்டு செய்யறவங்க மேல வீண்பழி வராமல் இருக்க அதுதான் காவல்.