கடிகாரமா, கட்டைவிரலா?

போன வாரம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஓர் அம்மா நிலையத்துக்கு அழைத்தார். பாட்டுக் கேட்பதற்கு அல்ல. "தம்பி, என் மகள் நான்காம் படிவம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் கணக்குப் போட்டாளாம். 6.6 வந்ததாம். மற்ற பிள்ளைகள் 9.81 என்று எழுதவும், இவளும் அழித்துவிட்டு அதையே எழுதிவிட்டாள். ஸ்டாப்வாட்ச் கெட்டுப்போச்சா, என்ன?" என்றார்.

இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே.

அம்மா, ஸ்டாப்வாட்ச்சில் ஒரு குறையும் இல்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடிதான் எடுக்கும். மகளின் விரல் 0.1 விநாடி தாமதமாக அழுத்தியிருக்கிறது. 0.55 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 6.6 வரும். அதே 0.1 விநாடி முந்தி அழுத்தியிருந்தால் 16.3 வந்திருக்கும். நேரத்தை வர்க்கப்படுத்துகிற கணக்கு இது. சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். ஆக, கையால் அளந்தால் 6.6-லிருந்து 16.3 வரை எது வந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த வகுப்பில் எல்லாருக்கும் 9.81 வந்ததுதான் ஆச்சரியம்! உங்கள் மகள் அழித்த எண்தான் உண்மையில் அளந்த எண்.

கடை ஸ்டாப்வாட்ச்சுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு 15 விநாடி பிசகும் சாதாரணக் கடிகாரம் என்றே வைத்துக்கொள்வோம். அரை விநாடி அளவில் அதன் பிழை ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்கோ சுமார் 0.2 விநாடி ஆகிறது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தாமதம் ஒரே அளவாக இருந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. திரையில் நூறில் ஒரு பங்கு விநாடி தெரிகிறது என்பதற்காக, நம் அளவும் அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. (தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். நம் விரல் இன்னும் அந்த அளவில்தான் நிற்கிறது.)

இது பள்ளி ஆய்வுக்கூடத்தோடு முடிகிற விஷயமல்ல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் 200 மீட்டர் அரையிறுதியில் நம் 'பறக்கும் டாக்டர்' மணி ஜெகதீசன் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல் கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 ஓடி அதை முறியடித்தார். வித்தியாசம் 0.02 விநாடி, அந்த வேகத்தில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் நீதிபதிகளால் இந்த இரண்டு ஓட்டத்தையும் பிரித்துச் சொல்லவே முடியாது. 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களுக்கு மின்னணு நேரத்தை மட்டுமே உலகச் சாதனையாக ஏற்கிறார்கள். கையில் எடுத்த 100, 200 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் "என் பையன் தேசியச் சாதனைக்கு 0.2 விநாடி பக்கத்தில் ஓடினான்" என்று சொல்லும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். இன்னொன்று: நேரம் எடுப்பவர் முடிவுக்கோட்டில் நின்றுகொண்டு துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது, புகையைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். சத்தம் 100 மீட்டர் வந்து சேரவே 0.3 விநாடி ஆகும்.

அந்த 0.02 விநாடி எஸ்பிஎம் எழுதிய அக்கா அண்ணன்களுக்குப் பழக்கமான எண். 'ஜங்கா மாசா டெத்திக்' என்ற டிக்கர் டைமர் நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடி, காகித நாடாவில் விநாடிக்கு 50 புள்ளி குத்தும். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 0.02 விநாடி. இப்போது போட்டோகேட் வந்துவிட்டது; ஒளிக்கற்றை மறைந்ததும் கருவி தானே நேரம் குறிக்கும். இரண்டிலும் விரலுக்கு வேலையில்லை.

கருவி போதாத பள்ளி என்றால்? கைப்பேசி போதும். ஒலிப்பதிவு எங்கள் தொழில் என்பதால் இதைத் தயங்காமல் சொல்வேன். சாதாரண ஒலிப்பதிவு ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. மேசை ஓரத்தில் ஓர் அடிக்கோலை நீட்டி, நுனியில் கோலிக்குண்டை வையுங்கள். இன்னோர் அடிக்கோலால் அதைப் பக்கவாட்டில் சட்டென்று தட்டி விலக்குங்கள். தட்டிய சத்தம் ஒன்று, குண்டு தரையில் விழுந்த சத்தம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளிதான் விடை. ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'பைபாக்ஸ்' செயலியில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச்சே இருக்கிறது. கைப்பேசியை இரண்டு சத்தத்துக்கும் சம தூரத்தில் வைத்தால் ஒலி பயணிக்கும் தாமதமும் கழிந்துவிடும். பத்து முறை செய்து, அதிகமும் குறைவும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகலையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

கையில் ஸ்டாப்வாட்ச்தான் இருக்கிறதா? அப்படியானால் ஊசல். ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு போய்வர இரண்டு விநாடி. ஒன்றை அளக்காமல் இருபதை அளந்து வகுத்தால், விரலின் 0.2 விநாடிப் பிழையும் இருபதால் வகுபட்டு 0.01 ஆகிவிடும்.

கடிகாரத்தையே சந்தேகப்பட்டால் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இணையத்தில் நேரம் சரிசெய்யப்படும் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். அரை விநாடிச் சோதனையில் கடிகாரத்தின் பிழை தெரியாது. ஆனால் இணைய வானொலியில் நான் சொல்லும் நேரத்தை வைத்துச் சரிசெய்யாதீர்கள்! அது பண்பலைக்குப் பல விநாடி பின்னால் வரும்.

கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு இன்னொரு சோதனை, ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் சேர்ந்து மின்னுவது விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை என்கிறார்கள். ஒரு மின்னலை அளக்க யாராலும் முடியாது. 'தகதிமி' என்று நான்கு நான்காக, பதினைந்து முறை எண்ணுங்கள். அறுபது மின்னல், சுமார் 20 விநாடி. அதை அறுபதால் வகுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்சிகளை எண்ணலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிளாஷ் போடாமல் பிடிக்கலாம், ஆனால் இருட்டில் சில கைப்பேசிகள் விநாடிக்கு எத்தனை படம் என்பதைத் தாமாகவே குறைத்துவிடும். படகுக்குப் போகும் முன், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை 20 விநாடி படம் பிடித்து எத்தனை காட்சி விழுகிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.