ஆட்டக்காரரே நடுவரா?

காசிமேட்டு மீனவர் மடியிலும் செல்போன். எண்ணூர்த் தொழிலாளி பையிலும் செல்போன். கடனும் காய்ச்சலும் அதில்தான் பேசப்படுகின்றன. அதை அரசாங்கம் ஒட்டுக் கேட்கலாமா?

பொது நெருக்கடி, பொதுமக்கள் பாதுகாப்பு என்றால் கேட்கலாம். லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவுக்கு அந்தக் காரணம் இல்லை. கேட்டதைக் குறித்த காலத்தில் ஆய்வுக் குழுவிடம் வைக்கவும் இல்லை. 2025-ல் சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது.

1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்க்கும் குழுவிலும் அரசுச் செயலாளர்களே!

ஆட்டக்காரரே நடுவராகலாமா? நீதிபதி ஒருவர் பார்த்து அனுமதிக்கட்டும். திருடன் பிடிபட வேண்டும். திண்ணைப் பேச்சு தப்ப வேண்டும்.